தாத்தாவின் பெயர் நந்தம்பாக்கத்தில் இருக்குமா?

கேள்வி: நான் முகலிவாக்கத்தில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. தினமும் பேருந்தில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனவர். 1944-இல் தந்தி வந்தது, உடல் வரவில்லை. அம்மா அப்போது கைக்குழந்தை. "மெட்ராஸ்ல சிப்பாய்ங்களப் புதைச்ச இடம் இருக்காமே, எங்கப்பா அங்க இருப்பாரோ?" என்று இந்த வயதில் கேட்க ஆரம்பித்திருக்கிறார். பாட்டி வைத்திருந்த ஒரு பதக்கமும் மடிப்பில் கிழிந்த ஒரு தாளும்தான் எங்களிடம் இருக்கின்றன. சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். தாத்தாவின் பெயர் அங்கே இருக்குமா? அங்கே இருப்பது வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் என்கிறார்களே, உண்மையா? என் மாணவர்களை அங்கே அழைத்துப் போகலாமா? இன்னொன்று: என் அப்பாவும் ராணுவத்தில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் காலமானவர். அவர் பெயரை அங்கே சேர்க்க வழி உண்டா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா நந்தம்பாக்கத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அவர் பெயர் வேறு ஏதோ ஓரிடத்தில் பொறிக்கப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதனால் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி நந்தம்பாக்கத்துக்கு அழைத்துப் போகுமுன் அந்தப் பெயரைத் தேடிவிடுங்கள். தேடாமல் போனால் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்து, கடைசியில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். பழைய படை ஆவணங்களைத் தேடிக் கொடுக்கும் இந்தத் தொழிலில் என்னிடம் வருகிற குடும்பங்கள் எல்லாமே முதலில் கல்லறையைத்தான் கேட்கும். போரில் இறந்த சிப்பாய்க்குக் கல்லறை ஓரிடத்தில் இருக்கும், பெயர் இன்னோரிடத்தில் இருக்கும். கல்லறையே இல்லாமல் பெயர் மட்டும் இருப்பதும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

நந்தம்பாக்கம் எப்படி உருவானது என்று தெரிந்தால் இது விளங்கும். இரண்டாம் உலகப் போரில் தென்னிந்தியா போர்க்களமாக இருக்கவில்லை, போர்க்களத்தின் பின்கட்டாக இருந்தது. சரக்குக் கிடங்குகள், பயிற்சி முகாம்கள், ராணுவ மருத்துவமனைகள், விமானத் தளங்கள் எல்லாம் இங்கே இருந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும், அடுத்தது நாம்தான் என்று மெட்ராஸே காலியானது. கடைசியில் பெரிய தாக்குதல் எதுவும் வரவில்லை. ஆனாலும் சிப்பாய்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மலேரியா, டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு, லாரி விபத்து, பயிற்சியில் விழுந்த விமானம் என்று காரணங்கள் பல. பர்மா எல்லையில் 1943-இல் காயம்பட்டுத் திரும்பிய ஒருவனுக்கு 120 பேர் நோயோடு திரும்பினார்கள் என்று அந்த முனையில் பிரிட்டிஷ்–இந்தியப் படையை நடத்திய தளபதி ஸ்லிம் கணக்குச் சொல்லியிருக்கிறார். கொசுவை எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் போர் புரியும்.

இப்படி இறந்தவர்களை அந்தந்த ஊரின் கன்டோன்மென்ட் கல்லறையிலோ பொதுக் கல்லறைத் தோட்டத்திலோ புதைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் படைகள் கிளம்பிவிட்டன. ஊருக்கு நாலு, ஐந்து என்று சிதறிக் கிடந்த புதைகுழிகளை நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லை. ஆகவே தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இருந்த அப்படிப்பட்ட பல இடங்களிலிருந்து எச்சங்களை எடுத்து வந்து, 1952-இல் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இந்தக் கல்லறையை அமைத்தார்கள். போர்க் கல்லறைகளுக்கான ஆணையம்தான் இதைச் செய்தது. அப்போது அதன் பெயர் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம், 1960 முதல் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் வேறு ஊர் மண்ணில் கிடந்தவர்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

பேருந்திலிருந்து தெரியாத ஒன்றும் உள்ளே இருக்கிறது. கல்லறையின் பின்பகுதியில் 1914–1918 நினைவுச் சின்னம் நிற்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவின் பல மூலைகளில் பராமரிக்க முடியாத புதைகுழிகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்களை இங்கே கொண்டுவரவில்லை, பெயரை மட்டும் கொண்டுவந்தார்கள். ஒரே மதிலுக்குள் இரண்டு முறையும் இருக்கின்றன: முன்னால் ஆளும் பெயரும் சேர்ந்து, பின்னால் பெயர் மட்டும்.

வெள்ளைக்காரர்கள் மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பிரிட்டனைச் சேர்ந்தவர்கள்தான் அதிகம், அது உண்மை. ஆனால் பிரிக்கப்படாத இந்தியாவின் படையினரும் இருக்கிறார்கள், ஆப்பிரிக்கர்களும் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கர்கள் மெட்ராஸுக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்காத மாணவன் இருக்க மாட்டான். மேற்கு ஆப்பிரிக்காவின் 81-ஆவது டிவிஷன் பர்மாவின் காலடான் பள்ளத்தாக்கில் சண்டை போட்டது. சாலையே இல்லாத காடு என்பதால் சாமான்களைச் சுமையாட்களே தலையில் தூக்கிப்போன படை அது. 1945 தொடக்கத்தில் அவர்களைப் போர்முனையிலிருந்து திருப்பி அழைத்து நம் பக்கத்துக் கார்வேட்டிநகரில் தங்க வைத்தார்கள். திருத்தணியைத் தாண்டினால் வருகிற ஊர்தான். நைஜீரியாவிலிருந்தும் கோல்டு கோஸ்ட்டிலிருந்தும், அதாவது இன்றைய கானாவிலிருந்தும் வந்தவர்கள் கப்பலுக்காக அங்கே காத்துக் கிடந்தார்கள். நம் பாடப்புத்தகங்களில் இது ஒரு வரிகூட வராதது எனக்கு எப்போதும் ஆதங்கம்தான்.

பெரும்பாலான இந்துச் சிப்பாய்களும் சீக்கியச் சிப்பாய்களும் அங்கே இல்லாததற்குக் காரணம் எளிது. அவர்களைத் தகனம் செய்தார்கள். எரிக்கப்பட்டவருக்குப் புதைகுழி இல்லை, புதைகுழி இல்லாதவருக்குத் தலைக்கல் இல்லை. எனவே அவர்களுக்காகத் தனியாகத் தகன நினைவுச் சின்னங்கள் எழுப்பினார்கள். கோஹிமாவில் ஒன்று, இம்பாலில் ஒன்று, பர்மாவின் டாக்கியானில் ஒன்று, இத்தாலியில்கூட உண்டு. உடலே கிடைக்காதவர்களுக்கு அந்தந்தப் போர்முனைக்கு என ஒரு பெரிய நினைவுச் சின்னம். உங்கள் தாத்தாவைத் தேட வேண்டிய இடங்கள் இவைதான்.

1944, பர்மா, உடல் வரவில்லை என்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது ரங்கூன் நினைவுச் சின்னம். இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூனுக்கு வடக்கே டாக்கியான் போர்க் கல்லறைக்குள் இருக்கிறது. பர்மாப் போரில் இறந்து, புதைத்த இடம் தெரியாமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அதன் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் பெரும்பான்மையோர் இந்தியப் படையினர். ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் 'பர்மா சண்டை' என்று சொன்னால் மணிப்பூரும் நாகாலாந்தும் அதற்குள் அடங்கிவிடும். 1944 மார்ச்சிலிருந்து ஜூலை வரை நடந்த பெரிய சண்டை இம்பாலிலும் கோஹிமாவிலும்தான். அங்கே இறந்து தகனம் செய்யப்பட்டிருந்தால் பெயர் அந்த ஊர்களின் தகன நினைவுச் சின்னத்தில் இருக்கும். காயத்தோடோ காய்ச்சலோடோ இந்தியாவுக்குள் ஏதாவது மருத்துவமனைக்கு வந்து இறந்திருந்தால் டெல்லி–கராச்சி 1939–1945 நினைவுச் சின்னங்கள். போர்முனைக்கு வெளியே இறந்த 25,000-க்கும் மேற்பட்ட பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர் அவ்விரண்டின் வழியாக நினைவுகூரப்படுகிறார்கள். திண்டிவனத்துக்காரர் பெயர் கராச்சியோடு சேர்த்து வந்தால் திகைக்க வேண்டாம், பிரிவினைக்கு முன் எல்லாரும் ஒரே படையில் இருந்ததால் அப்படி.

இனி தேடும் முறைக்கு வருகிறேன். பெயரை வைத்துத் தேட ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பதக்கத்தைக் கையில் எடுங்கள்.

பலர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் இருக்காது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் பெயரைப் பதித்துத்தான் கொடுத்தார்கள். வட்டமான பதக்கமாக இருந்தால் அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். சின்னச் சின்ன ஆங்கில எழுத்தில் ஒரு எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் இருக்கும். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸ் போல ஒன்றை வைத்துப் பாருங்கள். செல்போன் கேமராவில் பெரிதாக்கினாலும் போதும். மங்கலாக இருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கோடு சேர்த்துத் துலக்கி, எழுத்தே இல்லாமல் வழுவழுப்பாகிவிட்ட பதக்கங்களைப் பார்த்திருக்கிறேன். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. ஆறுமுகம், முனுசாமி, கோவிந்தன் என்றெல்லாம் படையில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால் ஆள் ஒருவர்தான். சுருக்கத்தைப் படிக்கும்போது ஒன்று கவனியுங்கள். தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தப் போரில் நம்மவர்கள் ஏராளமாகப் போனது பொறியாளர் படை, பயனியர் படை, சரக்குப் போக்குவரத்து, மருத்துவப் படை போன்றவற்றில். சாலை போட்டவர்கள், பாலம் கட்டியவர்கள், லாரி ஓட்டியவர்கள். 'ஐ.ஈ.' என்றிருந்தால் இந்தியன் இன்ஜினியர்ஸ். 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்றிருந்தால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது ரேஷனும் வண்டியும். பதவி இருக்கிற இடத்தில் சமையல்காரர் என்றோ தண்ணீர் சுமப்பவர் என்றோ இருந்தால் கூச்சப்பட வேண்டாம். அவர்களும் படையில் பதிவானவர்கள்தான், ஆணையத்தின் பட்டியலிலும் இருக்கிறார்கள்.

அந்தக் கிழிந்த தாளையும் பாருங்கள். பாட்டிக்கு ஓய்வூதியம் வந்திருந்தால் அதில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் படை எண்ணையும் எழுதியிருப்பார்கள். மடிப்பு ஒட்டுவதற்குச் செலோடேப் போடாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். நாளடைவில் டேப்பின் பசை தாளைப் பழுப்பாக்கி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்தால் மறுபடி பிரிக்கவே முடியாது. இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, தாளை ஒரு கெட்டி அட்டைக்குள் படுக்கை வாட்டில் வையுங்கள்.

எண் கிடைத்ததும் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கட்டணம் கிடையாது. எண் படிக்கவே முடியவில்லை என்றால் பெயரில் தேடலாம், பொறுமை வேண்டும். ஆள் சேர்த்த குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, காதில் விழுந்ததை எழுதியிருப்பார். 'சாமி' என்பதை 'ஸ்வாமி' ஆக்கியிருப்பார், 'முத்து'வில் 'எச்' இல்லாமல் 'டி' மட்டும் போட்டிருப்பார், நடுவில் ஒரு இடைவெளி விட்டு ஒரு பெயரை இரண்டாக்கியிருப்பார். நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். இன்ஷியலை நம்ப வேண்டாம், அப்பா பெயர் பெரும்பாலும் தனியாக 'மகன்' என்ற குறிப்பில்தான் இருக்கும். கூடவே மனைவி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் சில பதிவுகளில் இருக்கும். திண்டிவனம் அப்போது தென்னாற்காடு மாவட்டம். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் 'சவுத் ஆற்காட்' என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் நம் பக்கத்து ஆட்கள் வரிசையாக வருவார்கள். அதில் உங்கள் பாட்டியின் பெயர் கண்ணில் பட்டால் வேறு ஆதாரமே தேவையில்லை.

அங்கேயும் கிடைக்காவிட்டால் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கும் பயனியர் படைக்கும் பெங்களூரு. எண், பெயர், அப்பா பெயர், ஊர், தந்தி வந்த வருடம், உங்களுக்கு என்ன உறவு என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஊர்க் கதை வேண்டாம். எண் இல்லாமல் எழுதும் கடிதத்துக்கு அவர்களால் அதிகம் செய்ய முடியாது. படையில் இருந்தபோது இறந்ததற்கு ஆவணம் இருந்து, ஆணையத்தின் பட்டியலில் மட்டும் பெயர் விடுபட்டிருந்தால், சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பெயரில் தவறு இருந்தாலும் ஆதாரம் காட்டினால் திருத்துவார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1917-இல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியில் இந்த ஆணையம் தொடங்கியதிலிருந்து அதன் கொள்கை இதுதான்: இறந்த ஒவ்வொருவரும் பெயரோடு நினைவுகூரப்பட வேண்டும், பதவி, இனம், மதம் எதிலும் வேறுபாடு கூடாது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். கேட்க நன்றாக இருக்கிறது. ஐரோப்பாவில் பெருமளவு அப்படியே நடந்தது. ஆனால் முதல் உலகப் போரில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்த இந்தியர்களுக்கு பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அதிகாரிகளின் பெயரைப் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்கு, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். 2021-இல் ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது ஒருவேளை நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. நம் ஊர்களிலும் இதன் சாயல் உண்டு. 'இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள்' என்று ஒரு சலவைக்கல் பலகை பழைய சத்திரத்துச் சுவரிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ சுண்ணாம்பு அப்பிக் கிடக்கும். எண் இருக்கும், ஒரு பெயர் இருக்காது. உங்கள் தாத்தா போனது இரண்டாம் போருக்கு என்பது ஒரு வகையில் நல்லதாயிற்று. அப்போது இந்தியச் சிப்பாய்களின் பெயர்களையும் பொறித்தார்கள்.

தாத்தா படையில் பதிவானவர்தானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பதக்கத்தில் எண் இருந்தால் சந்தேகமே இல்லை. மலேயாவிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப் போகப்பட்டு இறந்த ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் இந்தப் பட்டியல் எதிலும் வர மாட்டார்கள். அவர்கள் படையினர் இல்லை என்பதுதான் காரணம். அது தனியாகப் பேச வேண்டிய பெரிய கதை.

மாணவர்களைத் தாராளமாக அழைத்துப் போங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. பெரிய கூட்டமாகப் போவதென்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. நவம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி நினைவு நாள் அஞ்சலி நடக்கும், அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம். அங்கே போனதும் நீங்கள் விரிவுரை நடத்தாதீர்கள். ஆளுக்கு ஒரு கல்லைக் கொடுத்து அதில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். மேலே படைப்பிரிவின் சின்னம், அப்புறம் எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது, மதக் குறி, எல்லாவற்றுக்கும் கீழே சில கற்களில் மட்டும் குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரி. முதல் போரில் அந்த வரிக்கு 66 எழுத்துகள்தான் அளவு, இடைவெளியும் சேர்த்து. ஒரு எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்டார்கள். வசதி உள்ளவன் எழுதுவான், இல்லாதவன் விடுவான் என்ற பாகுபாடே வேண்டாம் என்று நியூசிலாந்து தன் சிப்பாய்களின் கற்களில் அந்த வரிக்கே இடம் தரவில்லை. வகுப்பில் விவாதத்துக்கு வையுங்கள், பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள்.

கூர்மையான பிள்ளை ஒன்று "மிஸ், போர் 1945-லயே முடிஞ்சிடுச்சே, இதுல 1946, 1947-ன்னு போட்டிருக்கே?" என்று நிச்சயம் கேட்கும். போர்க் கல்லறைக்கான காலக்கெடு சண்டை நின்ற நாளோடு முடியவில்லை. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை, முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. அந்த நாட்களுக்குள் படைப் பணியில் இருந்தபோது எந்தக் காரணத்தால் இறந்தாலும் கணக்கில் வருவார். குண்டடி பட்டுத்தான் சாக வேண்டும் என்றில்லை.

கல்லில் சாக்பீஸ் தேய்த்து எழுத்தைப் படிக்க முயலாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மங்கிய எழுத்துக்குக் காலை வெயிலோ மாலை வெயிலோ பக்கவாட்டில் விழும் நேரம் போதும், எழுத்து தானாக எழுந்து நிற்கும். கற்களின் அடியில் இருக்கும் பூச்செடிப் பாத்தியில் கால் வைக்க வேண்டாம். அது வெறும் அழகுக்கு இல்லை. மழை பெய்யும்போது மண் தெறித்துக் கல்லில் ஒட்டாமல் தடுப்பதும் அந்தச் செடிகள்தான். இன்னொரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நடுகற்களையும் காட்டினால், நம் ஆட்கள் செத்த வீரனுக்குக் கல் நட்ட விதத்தையும் இதையும் பிள்ளைகளே ஒப்பிட்டுக்கொள்வார்கள். முதல் போர் என்றால் ஐரோப்பா என்று நினைப்பவர்களுக்கு உயர் நீதிமன்ற வளாகத்தின் எம்டன் கல்வெட்டு இருக்கிறது. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் மீது குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 ராத்திரி.

கடைசியாக உங்கள் அப்பா. அவர் பெயரை நந்தம்பாக்கத்தில் சேர்க்க வழியில்லை. மேலே சொன்ன காலக்கெடுவோடு அந்தப் பட்டியல் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கென்றே அரசு கல்லறைகள் உண்டு, நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுக்காக உயிர் துறந்தவர்களின் பெயர்களைத்தான் பொறிக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் கோட்டைக்கு அருகே இருக்கும் போர் நினைவுச் சின்னம் முதல் போரின் வெற்றிக்காகக் கட்டி, பிறகு நடந்த போர்களையும் சேர்த்துக்கொண்டது. அதிலும் ஓய்வு பெற்று வீட்டில் காலமானவர்களுக்கு இடமில்லை. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், வெளிநாட்டைப் பார்த்துப் பெரிய கல்லறை கட்ட வேண்டியதில்லை, மாவட்டத்துக்கு ஒரு பெயர்ப் பலகையாவது வைக்கலாம் என்பேன். இப்போதைக்கு அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் தாத்தாவின் தாளோடு சேர்த்து பத்திரப்படுத்துங்கள்.

அப்பா சம்பந்தமாக நீங்கள் கேட்காத ஒன்று. 1944-இல் அம்மா கைக்குழந்தை என்றால் இப்போது 80 வயதைத் தாண்டியிருப்பார். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும், 85-இல் அது 30 சதவீதம் ஆகும். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பிறந்த தேதி விடுபட்டிருந்தால் இந்தக் கூடுதல் தொகை தானாக வராது. வங்கிக் கணக்கில் ஏறுகிற தொகையை ஒருமுறை சரிபாருங்கள். வரவில்லை என்றால் அம்மாவின் ஆதார், பான் அட்டை, அப்பாவின் ஓய்வூதிய ஆணை மூன்றையும் எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பிறந்த தேதியைச் சேர்க்க அங்கே வழி சொல்வார்கள். 80 வயது நிறைந்த மாதத்திலிருந்து நிலுவையும் சேர்த்துக் கேளுங்கள்.